ஒன்றே கால் இஞ்ச் ஹிட்ச்சில் ரெண்டு இஞ்ச் சைக்கிள் ரேக்: அடாப்டர் போட்டால் தாங்குமா?

எடிசன்வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இருப்பது நியூ ஜெர்ஸி, வண்டி டொயோட்டா கொரொல்லா செடான். போன வருடம் பின்னால் ஒன்றே கால் இஞ்ச் ஹிட்ச், அதாவது டிரெய்லர் மாட்டும் சதுர வாய் வைத்த இரும்புச் சட்டம், மாட்டி வைத்தேன். எதையும் இழுக்க இல்லை, சைக்கிள் ரேக் போடலாம் என்ற எண்ணத்தில்தான். ஆனால் ரேக் விலையைப் பார்த்ததும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்படியே விட்டாச்சு.

இப்போது பக்கத்து வீட்டுக்காரர் கலிஃபோர்னியாவுக்கு வீடு மாறுகிறார். தன்னுடைய ரேக்கை கிட்டத்தட்ட சும்மாவே கொடுக்கிறேன் என்கிறார். நல்ல கம்பெனி, பிளாட்ஃபார்ம் வகை, அதாவது சைக்கிளைத் தொங்கவிடாமல் சக்கரத்தை தட்டில் நிற்க வைக்கும் மாடல். அடிப்படை ரேக்கில் இரண்டு சைக்கிள், அதன் பின்னால் போல்ட் போட்டு நீட்டும் துண்டில் இன்னும் இரண்டு, ஆக மொத்தம் நான்கு. எங்கள் வீட்டுக்கு அளந்து செய்தது போல. ஒரே சிக்கல், அது ரெண்டு இஞ்ச் ரேக். என் ஹிட்ச்சின் ஓட்டைக்குள் போகாது.

நெட்டில் தேடினால் ஒன்றே காலை ரெண்டாக்கும் அடாப்டர் நிறைய கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. ஒன்றில் 3500 பவுண்ட் வரை தாங்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். நான் ஏற்றப்போவது அதில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. பாத்ரூம் தராசில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நின்று எடை பார்த்தேன்: பெரியவர்கள் சைக்கிள் இரண்டும் ஆளுக்கு 30 பவுண்ட், பசங்களுடைய 20 இஞ்ச் சைக்கிள்கள் தலா 22. ரேக் அடிப்படைத் துண்டு 50, நீட்டும் துண்டு 35. எல்லாம் சேர்ந்து 189 பவுண்ட். ஹிட்ச் ஸ்டிக்கரில் டங் வெயிட் 200 என்று இருக்கிறது. அப்போ கணக்கு சரியாகத்தானே வருகிறது?

ஜூன் மாதம் பென்சில்வேனியாவில் ஒஹாயோபைல் போய் கிரேட் அலெகெனி பாஸேஜ் என்ற சைக்கிள் பாதையில் ஓட்டுவதாகத் திட்டம். இங்கிருந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஹைவே. வீட்டம்மாவுக்கு இந்த அடாப்டர் யோசனையே பிடிக்கவில்லை, "பின்னாடி வர்ற வண்டிக்காரன் மேல விழுந்தா என்ன பண்றது" என்கிறாள். எனக்கும் அவளைச் சமாதானப்படுத்தும் அளவுக்குத் தெரியவில்லை. யாராவது இப்படிப் போட்டு ஓட்டியிருக்கிறீர்களா? ஆட்டம் இருக்குமா? என் டிரைவ்வே கொஞ்சம் சரிவு, ரோடு சேரும் இடத்தில் தட்டுமா என்றும் தெரிய வேண்டும்.


போல்ட்டு_நட்டு எழுதியது:

முதலில் அந்த 3500-ஐ மறந்துவிடுங்கள். அது அடாப்டர் என்ற இரும்புத் துண்டின் கணக்கு, உங்கள் ஹிட்ச்சின் கணக்கு இல்லை. ஒன்றே கால் இஞ்ச் ஹிட்ச்சிலேயே இரண்டு வகை உண்டு. கிளாஸ் 1 என்றால் இழுவை 2000 பவுண்ட், டங் வெயிட் 200. கிளாஸ் 2 என்றால் 3500-ம் 350-ம். ஓட்டை அளவு இரண்டுக்கும் ஒன்றுதான். அடாப்டர் செய்கிறவன் கிளாஸ் 2-க்கும் பொருந்துகிற மாதிரி செய்து அந்த எண்ணைப் போட்டுக்கொள்கிறான். உங்கள் ஸ்டிக்கரில் 200 என்றால் உங்களுடையது கிளாஸ் 1. ஹிட்ச், அடாப்டர், ரேக், கார் இந்த நாலில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு.

அடுத்தது அந்த 189. இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். டங் வெயிட் 200 என்பது டிரெய்லர் மாட்டும் பந்து இருக்கும் இடத்தில் கீழ்நோக்கி அழுத்தும் எடை. அந்தப் பந்து, ஹிட்ச்சில் குறுக்கே செருகும் பின் என்ற ஆணியிலிருந்து ஏறக்குறைய 10 இஞ்ச் தள்ளி இருக்கும். உங்கள் சைக்கிள்கள் அங்கேயா நிற்கப்போகின்றன? கடைசி சைக்கிள் நாலடி தள்ளி நிற்கும். ஹிட்ச்சை முறுக்குவது எடை மட்டும் இல்லை, எடையைத் தூரத்தால் பெருக்கி வருவது.

தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். பந்தில் 200 பவுண்ட், 10 இஞ்ச் தூரம், பெருக்கினால் 2000. இதை ஒப்பிட வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அடாப்டரே இல்லாமல் உங்கள் நாலு சைக்கிளும் 14, 26, 38, 50 இஞ்ச் தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம், பெரிய சைக்கிள் இரண்டையும் காருக்கு அருகில் போட்டாலும் சைக்கிள் மட்டும் 3136 வருகிறது. ரேக்கின் அடிப்படைத் துண்டுக்கு 900, நீட்டும் துண்டுக்கு 1540. மொத்தம் 5500-ஐத் தாண்டிவிட்டது. இதோடு அடாப்டர் எல்லாவற்றையும் இன்னும் ஏழு இஞ்ச் வெளியே தள்ளும் என்றால் 189-ஐ ஏழால் பெருக்கிச் சேருங்கள், 6900 பக்கம் போகும். 2000 எங்கே, 6900 எங்கே. இத்தனைக்கும் அடாப்டரின் சொந்த எடையை நான் சேர்க்கவே இல்லை.

இதைப் பார்த்துவிட்டு 2000-ஐத் தாண்டினால் அந்த நிமிடமே ஒடிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஹிட்ச் செய்கிறவர்கள் தாராளமாகக் கூடுதல் பலம் வைத்துத்தான் செய்கிறார்கள், கிளாஸ் 1 ஹிட்ச்சில் இரண்டு சைக்கிள் ரேக் போட்டு ஆயிரக்கணக்கான பேர் ஓட்டுகிறார்கள், அதுவும் இந்தக் கணக்கில் 2100 வரும். ஆனால் கொஞ்சம் தாண்டுவது வேறு, மூன்றரை மடங்கு வேறு. அதுவும் நிற்கிற வண்டியில். ஒரு பள்ளத்தில் 60 மைல் வேகத்தில் இறங்கி ஏறினால் அந்த நேரத்துக்கு இந்த எண் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ போகும். இப்படி ஹிட்ச்சை வெளியே நீட்டும் நீட்டிப்பு போட்டால் ஹிட்ச்சின் தாங்குதிறனைப் பாதியாக எடுத்துக்கொள் என்று அதை விற்கிறவர்களே எழுதுவது இதனால்தான். அந்த வரி மட்டும் பொடி எழுத்தில் இருக்கும்.

இன்னொன்று, பின். ஒன்றே கால் ஹிட்ச்சில் போவது அரை இஞ்ச் பின், ரெண்டு இஞ்ச்சில் 5/8 இஞ்ச். அடாப்டர் போட்டால் முன்பக்கம் மெலிந்த பின், பின்பக்கம் தடித்த பின். முழு பாரமும் அந்த மெலிந்த பக்கம் வழியாகத்தான் காருக்குள் போகிறது, ஒன்றே கால் இஞ்ச் தண்டு ரெண்டு இஞ்ச் தண்டின் வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது.

எதிர்த்திசையில் பிரச்சினை இல்லை. ஹிட்ச் ரெண்டு இஞ்ச், ரேக் ஒன்றே கால் என்றால் ஒரு உறை மாதிரி உள்ளே செருகினால் போதும், வெளியே நீளாது, பலமும் குறையாது. உங்களுடையது தலைகீழ் கேஸ்.


ராஜபாட்டை எழுதியது:

இவ்வளவு பயப்பட வேண்டாம் சார். நான் ஹோண்டா சிவிக்கில் இதே அடாப்டர் போட்டு வருடக்கணக்கில் ஓட்டுகிறேன், கரோலினா பீச் வரைக்கும் போய் வந்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான். கண்ணாடியில் பார்க்காமல் ஓட்டினால் தெரியாது.

அடாப்டர் பிடிக்கவில்லை என்றால் நல்ல வெல்டர் ஒருவரைப் பிடித்து ரேக்கின் ரெண்டு இஞ்ச் தண்டை வெட்டிவிட்டு ஒன்றே கால் குழாயை வைத்து வெல்ட் பண்ணச் சொல்லுங்கள். நீளமும் கூடாது. அரை மணி நேர வேலை.


போல்ட்டு_நட்டு எழுதியது:

ராஜபாட்டை அண்ணே, சிவிக்கில் எத்தனை சைக்கிள் போட்டீர்கள் என்று சொல்லவில்லையே. இரண்டு என்றால் உங்கள் அனுபவமும் என் கணக்கும் மோதவே இல்லை.

ஆனால் வெல்டிங் யோசனை வேண்டவே வேண்டாம். ரேக்கில் அதிகம் வளையும் இடமே அந்தத் தண்டு, அங்கே போய் வெட்டி ஒட்டினால் ஒட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இரும்பு சூட்டில் குணம் மாறிவிடும். விரிசல் உடனே தெரியாது, குலுங்கிக் குலுங்கி மெதுவாக வளரும். போதாக்குறைக்கு பல ரேக்குகளில் மேல்பாகம் அலுமினியம், தண்டு மட்டும்தான் இரும்பு, எது எதனோடு சேரும் என்று தெரிந்த வெல்டர் இதைத் தொடவே மாட்டார். நாளைக்கு ஏதாவது ஆனால் கம்பெனியும் கேட்காது, இன்ஷூரன்ஸும் கேட்காது.


குளிர்தேசத்தான் எழுதியது:

கனடா ஸ்காபரோவில் இருந்து எழுதுகிறேன். பலத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் ஆட்டத்தையும் துருவையும் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டிலும் சரியாக அலைந்தவன் நான்.

ரேக்கை நேரே ஹிட்ச்சில் போட்டால் ஒரு மூட்டு. அடாப்டர் போட்டால் இரண்டு மூட்டு. ஒவ்வொரு மூட்டிலும் குழாய்க்கும் தண்டுக்கும் இடையே மெல்லிய இடைவெளி இருக்கும், இல்லாவிட்டால் உள்ளே போகாது. அந்த மெல்லிய இடைவெளி நாலடி தள்ளி கடைசிச் சைக்கிளில் கையகல ஆட்டமாகத் தெரியும். பார்க்கப் பயமாக இருக்கும் என்பது மட்டுமல்ல, அந்த ஆட்டமே பின் ஓட்டையை முட்டை வடிவமாகத் தேய்த்துவிடும்.

இதற்குத் திருகுப் பின் விற்கிறார்கள், மரை போட்ட போல்ட், இறுக்கினால் தண்டை ஒரு பக்கச் சுவரோடு இழுத்துப் பிடிக்கும். நல்ல சாமான். ஆனால் அளவு பார்த்து வாங்க வேண்டும். 5/8 திருகுப் பின் வாங்கினால் அது ரேக்கும் அடாப்டரும் சேரும் இடத்தை மட்டும்தான் இறுக்கும். அடாப்டரும் ஹிட்ச்சும் சேரும் இடம் அப்படியே லொடலொடவென்று இருக்கும். அதற்கு வெளியில் இருந்து யூ வடிவப் போல்ட்டும் தகடும் வைத்து இறுக்கும் கவ்வி ஒன்று வேண்டும். முதல் அரை மணி ஓட்டத்துக்குப் பிறகு இரண்டையும் திரும்ப இறுக்குங்கள், கட்டாயம் இளகியிருக்கும்.

துரு. எங்கள் ஊரில் பனிக்காலம் முழுக்க ரோட்டில் உப்பு. அடாப்டரைப் போட்டு அப்படியே விட்டால் வசந்தத்தில் ஹிட்ச்சும் அதுவும் ஒரே இரும்பாகிவிடும், சுத்தியலுக்கும் மசியாது. நியூ ஜெர்ஸியிலும் உப்புப் போடுகிறார்கள்தானே. பயணம் முடிந்ததும் கழற்றுங்கள், தண்டில் கிரீஸ் பூசுங்கள், ஹிட்ச் வாயில் ஒரு ரப்பர் மூடி போடுங்கள்.

கடைசியாக இலக்கத் தகடு. நாலு சைக்கிள் போட்டால் தகடு தெரியவே தெரியாது. ஒன்ராறியோவில் தகட்டை எதுவும் மறைக்கக் கூடாது என்று சட்டம், 407 என்ற கட்டணச் சாலையில் கட்டணக் கருவி இல்லாத வண்டிக்குத் தகட்டைப் படம் பிடித்துத்தான் பில் அனுப்புகிறார்கள். சைக்கிள் ரேக்தானே என்று பொலிஸ்காரர் பெரும்பாலும் விட்டுவிடுவார், ஆனால் விட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. உங்கள் மாநிலத்தில் எப்படி என்று வடிவாகப் பார்த்துக்கொள்ளுங்கள், போகிற மாநிலத்தையும் சேர்த்து. பென்சில்வேனியா டர்ன்பைக்கில் காசு வாங்கும் பூத்தே இப்போது இல்லை, 2020-இல் இருந்து எல்லாம் கமராதான். முன் கண்ணாடியில் ஈஸி பாஸ் என்ற கட்டணக் கருவி ஒட்டியிருந்தால் தொல்லை இல்லை.


எடிசன்வாசி எழுதியது:

போல்ட்டு_நட்டு, அந்தப் பெருக்கல் கணக்கை வீட்டம்மாவிடம் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தாள். அதுவே போதும்.

இன்றைக்குச் சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரரின் கேரேஜில் ரேக்கை முழுசாகப் பார்த்தேன், அவர் மேனுவலைக் கூட பத்திரமாக வைத்திருந்தார். இரண்டு விஷயம் தெளிவாகப் போட்டிருக்கிறது. ஒன்று, நீட்டும் துண்டை ரெண்டு இஞ்ச் ஹிட்ச்சில் மட்டும்தான் உபயோகிக்க வேண்டும். இரண்டு, அடிப்படை ரேக்கையும் அடாப்டரிலோ நீட்டிப்பிலோ மாட்டக் கூடாது. ஆக நாலு சைக்கிள் கதை அங்கேயே முடிந்தது.

இப்போது கேள்வியை மாற்றிக் கேட்கிறேன். நாலு சைக்கிளும் வேண்டும், வண்டி கொரொல்லா. ஹிட்ச்சையே ரெண்டு இஞ்ச்சாக மாற்றினால் தீருமா? செடானுக்கும் ரெண்டு இஞ்ச் ஹிட்ச் செய்கிற கம்பெனி இருக்கிறது என்று படித்தேன்.


சக்கரக்காரி எழுதியது:

ஹிட்ச் மாற்றுவதற்கு முன்னால் ஒரு விஷயம். ஓட்டை பெரிதானால் கார் பெரிதாகிவிடாது. செடானுக்கு ரெண்டு இஞ்ச் வாயோடு ஹிட்ச் வருவது உண்மைதான், அதனால் அடாப்டர் இல்லாமல் ரேக் நேரே போகும், ஆட்டம் குறையும், அந்த ஏழு இஞ்ச்சும் இருக்காது. ஆனால் ஹிட்ச்சை போல்ட் போட்டிருக்கிற காரின் அடித்தளத் தகடு அதே தகடுதான், பின் ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான். ஸ்டிக்கரில் என்ன எண் போட்டிருக்கிறான் என்று பாருங்கள், வாயின் அளவைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

எங்களிடம் இருப்பது டெஸ்லா மாடல் ஒய். ரெண்டு இஞ்ச் ஹிட்ச், 3500 பவுண்ட் இழுக்கும் என்று போட்டிருக்கும். ஆனால் அதே மேனுவலில் சைக்கிள் ரேக் மாதிரி சாமான் மாட்டினால் 160 பவுண்ட்தான் என்று இருக்கிறது, ரேக்கின் எடையும் அதற்குள் அடக்கம். 3500 எங்கே இருக்கிறது, 160 எங்கே இருக்கிறது பாருங்கள். மேலே சொன்ன தூரம் பெருக்கல் விவகாரம்தான் இதுவும். இதனால் எங்கள் இரண்டு எலக்ட்ரிக் சைக்கிளையும் ஒன்றாக ஏற்ற முடியாமல் போனது. ஒவ்வொன்றும் 70 பவுண்டுக்கு மேல், பேட்டரியைக் கழற்றினாலும் ரேக்கோடு சேர்ந்து வரம்பைத் தாண்டுகிறது. இப்போது ஒன்றை மட்டும் எடுத்துப்போகிறோம், யார் அதில் ஏறுவது என்பது தினமும் சண்டை.

உங்கள் பயணத்துக்கு வருகிறேன். ஒஹாயோபைலில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், அந்த ஊரே அந்தப் பாதையையும் ஆற்றில் ராஃப்ட் விடுவதையும் நம்பித்தான் இருக்கிறது. எல்லோரும் பெரியவர்கள் சைக்கிளைக் காரில் ஏற்றிவிட்டு பிள்ளைகளுக்கு வாடகை எடுப்பார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். பிள்ளைகளுடையதை ஏற்றுங்கள், நீங்கள் இருவரும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் அளவு எல்லாக் கடையிலும் இருக்கும், சீட்டை ஏற்றி இறக்கினால் ஓட்டிவிடலாம். எட்டு வயசுப் பிள்ளைக்குத் தன் பிரேக் எங்கே, கியர் எங்கே என்று பழகிய சைக்கிள்தான் வேண்டும், இல்லாவிட்டால் முதல் மைலிலேயே அழுகை. உங்கள் ஹிட்ச்சுக்கும் அதுதான் நல்லது, இரண்டு சைக்கிளும் சேர்ந்து 44 பவுண்ட்தான். ரேக்கின் தட்டு 20 இஞ்ச் சக்கரத்தைப் பிடிக்குமா என்று மட்டும் பாருங்கள், சிலதில் சின்னச் சக்கரத்துக்குத் தனியாக ஒரு துண்டு வாங்க வேண்டும்.

பாதை எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பழைய ரயில் தடம் என்பதால் ஏற்றம் என்று எதுவும் பெரிதாக இல்லை, பொடிச் சுண்ணாம்புக் கல் போட்டு அமுக்கிய தரை, பிட்ஸ்பர்கிலிருந்து கம்பர்லாண்ட் வரை 150 மைல். பிள்ளைகளோடு ஒஹாயோபைல் பாலத்திலிருந்து கொஞ்ச தூரம் போய்த் திரும்புவதே போதும்.


ராஜபாட்டை எழுதியது:

சரி ஒத்துக்கொள்கிறேன், நான் போட்டது இரண்டு சைக்கிள்தான், அதுவும் தொங்கவிடும் ரேக், ரொம்ப லேசு. நாலு போட்டதில்லை.

டிக்கியில் ஸ்ட்ராப் போட்டு மாட்டும் ரேக் ஏன் யாருமே சொல்லவில்லை? ஹிட்ச்சே வேண்டாமே.


போல்ட்டு_நட்டு எழுதியது:

ஸ்ட்ராப் ரேக் இரண்டு லேசான சைக்கிளுக்கு ஓகே. ஆனால் ஐந்து மணி நேர ஹைவேயில் பெயிண்டைத் தேய்த்துவிடும், டிக்கியைத் திறக்க முடியாது, பின் கண்ணாடி விளிம்பிலும் மூடி விளிம்பிலும் கொக்கி அழுத்திக்கொண்டே இருக்கும். ஹிட்ச் ஏற்கெனவே இருக்கிறவர் அதற்குப் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து.

எடிசன்வாசி, சக்கரக்காரி சொன்ன வழிதான் எனக்கும் சரியாகப் படுகிறது. அதோடு ஒன்று விசாரியுங்கள். சில ரேக் கம்பெனிகள் அடியில் இருக்கும் தண்டை மட்டும் தனி உதிரி பாகமாக விற்கிறார்கள், ரெண்டு இஞ்ச்சைக் கழற்றிவிட்டு ஒன்றே காலைப் போல்ட் போட்டு மாட்டிக்கொள்ளலாம். பக்கத்து வீட்டு ரேக்குக்கு அது கிடைத்தால் அடாப்டர், வெல்டிங் எதுவும் இல்லாமல் அடிப்படை ரேக் உங்களுக்கு உதவும். கஸ்டமர் சர்வீஸுக்கு மாடல் நம்பரோடு ஒரு மெயில் போட்டால் பதில் சொல்வார்கள். கிடைக்காவிட்டால் ஒன்றே கால் தண்டோடு வரும் இரண்டு சைக்கிள் ரேக்கைப் பழசாக வாங்குங்கள். செகண்ட் ஹேண்ட் சந்தையில் இது ரெண்டு இஞ்ச்சை விட மலிவாகவே போகும், ஏனென்றால் பெரிய வண்டி வைத்திருக்கிறவர்கள் யாரும் இதைச் சீண்ட மாட்டார்கள்.

பழசு வாங்கினால் மூன்று இடம் பாருங்கள். பின் ஓட்டை வட்டமாக இருக்கிறதா, தண்டு வெளியே வளையும் இடத்தில் பெயிண்ட் கோடாக வெடித்திருக்கிறதா, சக்கரத்தைப் பிடிக்கும் கொக்கி வழுக்காமல் பல் பிடிக்கிறதா. மற்ற கீறல் எல்லாம் கணக்கில்லை.

டிரைவ்வே கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. செடானில் ஹிட்ச் தாழ்வாக இருக்கும், ரேக் பின்னால் நீள நீள சரிவில் முதலில் தரையைத் தொடுவது அதன் கடைசி முனைதான். அடாப்டர் போட்டிருந்தால் நிச்சயம் உரசியிருக்கும். இரண்டு சைக்கிள் ரேக்கில் உரச வாய்ப்பு குறைவு, பல ரேக்குகளில் தண்டே மேல்நோக்கி ஏறி வளைந்திருக்கும். சந்தேகம் இருந்தால் சரிவில் நேராக இறங்காமல் கோணலாக இறங்குங்கள், ஒரு சக்கரம் முதலில் ரோட்டைத் தொடட்டும். அப்போதும் உரசினால் காலி ரேக்கை மேலே மடக்கி வைத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்து அங்கே சைக்கிளை ஏற்றுங்கள்.


குளிர்தேசத்தான் எழுதியது:

புகைக்குழாயை மறந்துவிட்டீர்கள். காருக்கு அருகில் இருக்கும் சைக்கிளின் டயர் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறது என்று பாருங்கள். புகைக்குழாய்க்கு நேர் பின்னால் வந்தால் சூட்டில் டயர் இளகும், கார்பன் சக்கரம் என்றால் பாழ். பிள்ளைகளின் சைக்கிள் குட்டை, ஒருவேளை தப்பிக்கும், ஆனாலும் சைக்கிளை ஏற்றி இஞ்சினை ஓடவிட்டு டயருக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள்.

பின்னுக்கு எடுக்கும்போது சென்சர் கத்திக்கொண்டே இருக்கும், அதுவும் இயல்புதான். தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி உங்கள் காரில் இருந்தால் ரேக் போட்டிருக்கும்போது அதை நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் வீட்டு வாசலிலேயே நின்றுவிடும்.


எடிசன்வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ரேக் கம்பெனிக்கு மெயில் போட்டேன், பதில் வந்துவிட்டது: இந்த மாடலுக்கு ஒன்றே கால் தண்டு தனியாகக் கிடைக்கிறது, அடிப்படை ரேக்குக்கு மட்டும், இரண்டு சைக்கிள் வரைக்கும். நீட்டும் துண்டை வாங்கிக்கொள்ளவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் அதை வேறு யாருக்கோ கொடுக்கப்போகிறார். தட்டு 20 இஞ்ச் சக்கரத்தையும் பிடிக்கிறது, கேரேஜிலேயே வைத்துப் பார்த்தேன்.

பிள்ளைகள் சைக்கிள் ரேக்கில், நாங்கள் இருவரும் வாடகைக்கு. பெரியவனுக்கு இதில் ஏகப்பட்ட சந்தோஷம், "அப்போ உங்க சைக்கிள் வராதா" என்று மூன்று முறை கேட்டுவிட்டான்.

கடைசியாக ஒரு கேள்வி. புது தண்டை ரேக்கோடு சேர்க்கும் போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும்? என்னிடம் சாதாரண ஸ்பேனர்தான் இருக்கிறது.


போல்ட்டு_நட்டு எழுதியது:

அதை மட்டும் கை பலத்தில் செய்யாதீர்கள். எவ்வளவு டார்க், அதாவது இறுக்கும் விசை, என்று தண்டோடு வரும் தாளில் எழுதியிருக்கும், நான் ஒரு எண் சொல்லி அது வேறு மாடலுடையதாக இருந்தால் வம்பு. அதை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் விலைக்கு வாங்க வேண்டியதில்லை, பெரிய ஆட்டோ பார்ட்ஸ் கடைகளில் டெபாசிட் கட்டினால் எடுத்துப்போகக் கொடுப்பார்கள், திருப்பிக் கொடுத்தால் பணம் முழுசாக வந்துவிடும். பழைய போல்ட்டையும் நட்டையும் திரும்பப் போடாதீர்கள், புதுத் தண்டோடு புதுசு வரும். ஹிட்ச்சுக்கு அரை இஞ்ச் திருகுப் பின் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ரேக்கோடு வந்த 5/8 உங்கள் ஓட்டைக்குள் போகாது.

கிளம்பின அன்றைக்கு முதல் ரெஸ்ட் ஏரியாவில் நிறுத்தி ரேக்கின் கடைசி முனையைப் பிடித்து மேலும் கீழும் பலமாக ஆட்டுங்கள். கார் சேர்ந்து ஆடினால் சரி. ரேக் மட்டும் தனியாக ஆடினால் திரும்ப இறுக்கிவிட்டுப் போங்கள்.